தாண்டிப் படித்த வரி

வடகரப்பதி,
ஜூலை 6

அன்புள்ள நங்கைக்கு,

இங்கே நானும் அம்மாவும் அப்பாவும் சுகம். நீயும் அத்தையும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே மழை வலுத்திருக்கும். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் அத்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

ஜனவரியில் பள்ளிகளின் கலைவிழாவான கலோத்சவத்தில் உன்னைப் பார்த்ததோடு சரி. செய்யுள் ஒப்பித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்கம்மா கலாமணி, வடகரப்பதிக்காரி" என்று நீ சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. என்னைவிட மூத்த அத்தை மகளை எங்கள் ஊரில் நங்கை என்போம், அதனால்தான் நீ எனக்கு மாரீஸ்வரி இல்லை, நங்கை. அப்பாவுக்கு ஒரு தங்கை இருப்பதும், உரம் ஏற்ற வந்த லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனதும் எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக இந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் எடுத்ததில்லை. போனை அப்பா எடுத்துப் பார்ப்பார். அதனால் நீ எப்போதும்போல என் தோழி நஸ்ரினின் வாப்பா கடை விலாசத்துக்கே எழுது. அவள் வகுப்பில் கொண்டுவந்து கொடுத்துவிடுவாள்.

இப்போது ஒரு விஷயம். பிளஸ் ஒன் பெண்களுக்கெல்லாம் ஒரு ஊசி போடப் போகிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசியாம். பின்சி டீச்சர் ஆண்பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு விளக்கினார். பாதிப் பேர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். வீட்டில் கையெழுத்து வாங்கச் சம்மதப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அப்பா வாசித்துவிட்டு, "கண்ணாலமாகாத புள்ளைக்கு இந்த ஊசி எதுக்கு?" என்று மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். ஊசி போட்டால் பின்னால் குழந்தை பிறக்காது என்று வகுப்பில் ஒருத்தி சொல்கிறாள். உங்கள் பள்ளியில் என்ன சொல்கிறார்கள்?

அத்தைக்கு என் வணக்கம்.

உன் யோகப்பிரியா


சூரியநெல்லி,
ஜூலை 17

பிரியமுள்ள யோகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அங்கே எல்லோரும் நலம்தானே? யானை இறங்கியிருப்பதால் இரண்டு நாளாகப் பள்ளிக்கு ஜீப் வரவில்லை. அதனால்தான் தாமதம்.

உன் கடிதம் வந்தால் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், ஆனால் கேட்கத்தான் பிடிக்கும். தென்னைக்குத் தண்ணீர் போதுமாமா, கிணறு எப்படி இருக்கிறதாம் என்று நீ எழுதாததையெல்லாம் என்னிடம் கேட்பாள். உன் அப்பா பேச்சு வரும் இடத்தில் மட்டும் ஒன்றும் கேட்கமாட்டாள்.

அம்மா கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். வயிற்றில் ஏதோ கல் என்று மதுரை ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை.

எங்கள் பள்ளியிலும் அந்தப் படிவம் வந்திருக்கிறது. அம்மா அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டாள். உங்கள் ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுது.

உன் மாரீஸ்வரி


வடகரப்பதி,
ஜூலை 27

அன்புள்ள நங்கைக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். அத்தையின் வயிற்றுக் கல் எப்படி இருக்கிறது? வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கல் கரைந்துவிடும் என்று அம்மா யாருக்கோ சொல்லிக் கேட்டேன். அத்தைக்குச் சொல்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாயே. பக்கத்துத் தோட்டத்து மருதாத்தா பெரியம்மா நேற்று வந்திருந்தார். படிவத்தைப் பற்றி அம்மா சொன்னதும், "நடத்தை கெட்டவளுகளுக்கு வர்ற நோயி அது. நம்மூட்டுப் புள்ளைக்கு எதுக்கு சாந்தாமணி?" என்றார். அம்மா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒழுங்காக இருக்கும் பெண்களுக்கு அந்த நோய் ஏன் வரப்போகிறது? ஊசி போட்டுக்கொண்டால் நம்மையும் அப்படி நினைப்பார்கள். அத்தை அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று தோன்றுகிறது. நீ படிவத்தைக் கொடுக்காதே.

அப்பா "சம்மதமில்லை" என்ற கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

உன் யோகா


வடகரப்பதி,
ஆகஸ்ட் 30

அன்புள்ள நங்கைக்கு,

இங்கே அனைவரும் சுகம். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. தினமும் நஸ்ரினைக் கேட்கிறேன், கையை விரிக்கிறாள். ஓணத்துக்காவது இரண்டு வரி வரும் என்று நினைத்தேன். அத்தைக்கு உடம்பு தேவலையா? என்மேல் ஏதும் கோபமா? கோபமென்றால் அதையாவது எழுது.

யோகா


சூரியநெல்லி,
செப்டம்பர் 24

யோகாவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. நலம். உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன்.

மதுரைக்கும் இங்குமாக அலைந்ததில் எழுத முடியவில்லை. பள்ளிக்கும் சரியாகப் போகவில்லை. ஊசி போட்ட அன்று நான் ஊரில் இல்லை. இருந்திருந்தாலும் போட்டிருக்கமாட்டேன். படிவம் என் பையிலேயே இருக்கிறது. நீ சந்தோஷப்படலாம்.

உன் ஜூலைக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். ஓர் இடத்தில் நிறுத்தி, ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். அம்மா, "என்னடி, பெரியம்மா வந்தாகன்னு சொன்ன, வந்து என்ன சொன்னாக?" என்று கேட்டாள். சும்மா வந்து போனார்களாம் என்றேன்.

வேலை இருக்கிறது. இத்துடன் முடிக்கிறேன்.

மாரீஸ்வரி


மதுரை,
அக்டோபர் 11

அம்மணி யோகப்பிரியாவுக்கு உன் அத்தை கலாமணி எழுதுவது.

உன் உடம்பு சுகம்தானே? அண்ணனும் சாந்தாமணி அண்ணியும் நன்றாக இருக்கிறார்களா? எழுதி ரொம்ப நாளானதால் என் எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துப் படி.

ஆஸ்பத்திரிக்கு எதிரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். மாரி கடைக்குப் போன நேரத்தில் அவள் பையில் சீப்புத் தேடினேன். உன் கடிதம் இருந்தது. முழுதாகப் படித்தேன்.

எனக்கு வயிற்றில் கல் இல்லை. கருப்பை வாயில் புற்று. ஜூன் மாதம் கண்டுபிடித்தார்கள். எஸ்டேட் லைன் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் வாய் நிற்காது என்று கல் என்று சொல்லிவைத்தோம். மாரியையும் அப்படியே சொல்லச் சொன்னது நான்தான். அவள்மேல் வருத்தப்படாதே.

நான் உன் மாமாவைத் தவிர வேறொருவரை ஏறிட்டுப் பார்த்தவள் இல்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு இதை எழுத வேண்டியிருக்கிறதே என்று பேனாவை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டேன். எழுதிய பிறகு இன்னொன்றும் தோன்றுகிறது. போன வருடம் மாதத் தூரம் முடிந்த நாட்களிலும் உதிரம் பட்டது. துணி வைத்துக்கொண்டே கொழுந்து பறித்தேன். எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ் சிசிலி சிஸ்டர் எல்லாப் பெண்களையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அது வேறு மாதிரிப் பெண்களுக்கு வருவது, எனக்கு ஏன் வரப்போகிறது என்று நினைத்தேன். மருதாத்தா அக்கா சொன்னதைத்தான் நானும் நினைத்திருந்தேன். அப்படி நினைத்தே ஒரு வருடத்தைப் போக்கினேன். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் சின்ன வைத்தியத்தோடு போயிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்.

புருஷன் ஒருவனோடு மட்டும் வாழ்ந்தவளுக்கும் இந்தக் கிருமி வரும், ரொம்பச் சாதாரணமான கிருமி, நடத்தைக்கும் இதற்கும் ஒன்றுமில்லை என்று சிசிலி சிஸ்டர் இப்போது சொல்கிறார். அப்போதும் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபமில்லை கண்ணு. ஊசி போட்டுக்கொள் என்றும் சொல்லவில்லை. அது உன் அப்பா அம்மா பாடு. அண்ணனுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். தெரிந்தால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்க இப்போது தெம்பில்லை.

கரண்டு வைத்தியம், கதிர்வீச்சு என்கிறார்களே அது, இன்னும் ஆறு நாள் பாக்கி. உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை


வடகரப்பதி,
அக்டோபர் 18

என் அத்தைக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். சாப்பிட முடிகிறதா? தூக்கம் வருகிறதா?

உங்கள் கடிதத்தைப் பள்ளிக் கழிப்பறையில் நின்று படித்தேன். நஸ்ரின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அந்த வரியை எழுதும்போது யாரையும் நினைத்து எழுதவில்லை அத்தை. யாரையும் நினைக்காததுதான் தப்பு என்று இப்போது தெரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பின்சி டீச்சரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். குழந்தை பிறக்காது என்பது பொய் என்றார். வந்த நோயை இந்த ஊசி குணமாக்குமா என்று கேட்டேன். "குணமாக்காது மோளே, வராம தடுக்கத்தான் முடியும்" என்றார். யாருக்காகக் கேட்கிறாய் என்றார். நான் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பாவிடம் நான் சொல்லட்டுமா? நீங்கள் வேண்டாம் என்றால் உயிர் போனாலும் சொல்லமாட்டேன். நங்கை ஏன் ஊசி போட்டுக்கொள்ளவில்லை என்றும் தெரியவில்லை. என் கடிதத்தாலா?

உங்கள் யோகா


சூரியநெல்லி,
நவம்பர் 9

பிரியமுள்ள யோகாவுக்கு,

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். கரண்டு வைத்தியம் முடிந்தது. கஞ்சி மட்டும் குடிக்கிறாள். மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால்தான் நோய் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியுமாம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

நான் ஊசி போட்டுக்கொள்ளாதது உன் கடிதத்தால் இல்லை. படிவம் வாங்கிய வாரமே லைனில் பேச்சு வந்துவிட்டது. நாலாவது வீட்டுச் சுருளியம்மாள் குழாயடியில், "கலாமணிக்குக் கல்லுன்னா எதுக்கு திரும்பத் திரும்ப மதுரைக்குப் போறாக?" என்று நான் இருக்கும்போதே கேட்டாள். அந்த ஊசிக்கு நான் போய் நின்றால் அதுவே பதிலாகிவிடும் என்று பயந்தேன். இன்னொரு காரணமும் உண்டு. அம்மாவுக்கு இல்லாத ஒன்றை நான் மட்டும் போய்ப் போட்டுக்கொள்வதா என்று இருந்தது. அறிவில்லாத யோசனைதான். தெரிந்தும் அப்படித்தான் இருந்தது.

நீ கேட்டதை அம்மா ஒரு வாரம் யோசித்தாள். நேற்றுச் சொன்னாள்: "அண்ணங்கிட்ட சொல்லச் சொல்லு. ஆனா நோய் பேரைச் சொல்லியே சொல்லணும். கல்லு கில்லுன்னு சொல்லிறக் கூடாது."

உன் மாரீஸ்வரி


வடகரப்பதி,
நவம்பர் 25

அன்புள்ள நங்கைக்கு,

அத்தை இப்போது கஞ்சியைத் தவிர வேறு ஏதும் சாப்பிடுகிறாரா? நாங்கள் சுகம். சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சூரியநெல்லியில அத்தைக்கு ஒடம்பு செரியில்லீங்ப்பா."

"எந்த அத்தை?"

"உங்க தங்கச்சிங்."

அவர் கை நின்றுவிட்டது. உனக்கு யார் சொன்னார்கள் என்றார். மறைக்காமல் கடிதம் எழுதுவதைச் சொன்னேன். "அந்தப் பேச்சு இந்தத் தோட்டத்துக்குள்ள வேண்டாம்" என்றார். கர்ப்பப்பை வாயில் புற்று என்று பேரைச் சொன்னேன்.

"ஓடிப்போனவளுக்கு இந்த நோயி வராம..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"நீங்க சொல்ல வந்ததைத்தானுங் அத்தையும் நெனச்சுது. நமக்கெல்லாம் வராதுன்னு ஒரு வருசம் ஆர்த்துகிட்டயும் காட்டாம இருந்துருச்சுங். நானும் அப்பிடித்தான் நெனச்சு அத்தைக்கே எழுதிப்போட்டேன்."

குழாயைக் கீழே வைத்தார். "ஆரு பாத்துக்கறாங்க?" என்றார்.

"மாமாவும் மாரீஸ்வரியும்."

"மாரீஸ்வரி ஆரு?"

"அத்தை மகளுங். என்னவிட அஞ்சு மாசம் மூப்பு."

உன் பேரே அவருக்குத் தெரியாது. மத்தியானம் சாப்பிட வரவில்லை.

திங்கட்கிழமை பின்சி டீச்சரிடம் புதுப் படிவம் வாங்கிவந்தேன். விடுபட்டவர்களுக்கு இன்னொரு நாள் வைத்திருக்கிறார்கள். அப்பா முன்னால் வைத்தேன். எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "அவரு போடட்டும்னு பாத்துட்டிருந்தா ஆகாது கண்ணு. இங்க குடு, எங்க போடோணும்?" என்றாள். அப்பா இருக்கும்போது அம்மா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை. அப்பா தடுக்கவில்லை.

இன்று காலை உடுமலை பஸ்ஸுக்குப் போயிருக்கிறார். எங்கே என்று சொல்லவில்லை. அங்கேதான் வருகிறார் என்று நினைக்கிறேன்.

உன் யோகா


சூரியநெல்லி,
டிசம்பர் 7

பிரியமுள்ள யோகாவுக்கு,

உன் அப்பா, என் மாமா, வந்தார். நல்லபடியாக ஊர் திரும்பியிருப்பார் என்று நம்புகிறேன். அவர் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

ஜீப்பிலிருந்து இறங்கி, லைனில் ஒவ்வொரு வாசலாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் நிலைவாசல் உயரம் குறைவு. குனிந்து உள்ளே வந்தவர் அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அம்மாவுக்கு இப்போது முப்பத்தாறு கிலோ. அடையாளம் தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"உக்காருங்கண்ணா" என்றாள் அம்மா. ட்ரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார். அப்பா டீ வைக்கிறேன் என்று வெளியே போய்விட்டார்.

மாமா கேட்டார்: "ஏன் சாமி, ஒரு வார்த்தை சொல்லியுடல?"

"சொல்லியிருந்தா என்னங்கண்ணா சொல்லியிருப்பீங்க?"

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அம்மா மெதுவாக, "அதுதானுங்" என்றாள். அவள் கொங்குப் பேச்சுப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

நாலு நாள் பக்கத்துச் சின்னக்கானலில் தங்கி, தினமும் காலையில் வந்தார். அம்மாவிடம் அதிகம் பேசவில்லை. கிணறு, தென்னை, யார் யார் செத்துப்போனார்கள் என்று சொன்னார். அப்பாவோடு விறகு பிளந்தார். கிளம்பும்போது என்னிடம், "புள்ள, நீ அந்த ஊசி போட்டயா?" என்றார். இல்லை மாமா என்றேன். "யோகாவுக்கு அவிங்கம்மா கையெழுத்துப் போட்டுட்டா. நான் போடல" என்றார். தப்பு செய்த பிள்ளை வாத்தியாரிடம் சொல்வதுபோல இருந்தது.

சாந்தாமணி அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். இந்தக் கடிதத்தை வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன், இனி அப்படி எழுதலாம் அல்லவா?

மாரீஸ்வரி


வடகரப்பதி,
டிசம்பர் 21

அன்புள்ள நங்கைக்கு,

உன் கடிதம் வீட்டுக்கே வந்தது. தபால்காரரிடம் அப்பாதான் வாங்கி, பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார். எல்லோரும் சுகம்.

வியாழக்கிழமை ஊசி போட்டுக்கொண்டேன். நஸ்ரினும் போட்டுக்கொண்டாள். வகுப்பில் முப்பத்தொரு பெண்களில் இதுவரை பதினான்கு பேர். மற்றவர்கள் வீட்டில் இன்னும் வேண்டாம் என்கிறார்கள். சிலரிடம் அத்தையைப் பற்றிச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. அது நான் சொல்லும் விஷயம் இல்லை என்று விட்டுவிட்டேன். கை ஒரு நாள் வலித்தது, அவ்வளவுதான். ஊசி போட்ட சிஸ்டர், "முகத்தைத் திருப்பிக்கோ" என்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்கேன் முடிவு வந்ததும் எழுது. நல்லதாகவே இருக்கும்.

யோகா


சூரியநெல்லி,
பிப்ரவரி 8

பிரியமுள்ள யோகாவுக்கு,

நீயும் மாமாவும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். ஸ்கேன் முடிவு வந்து பத்து நாளாகிறது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். நோய் முழுதாகப் போகவில்லை. நுரையீரலிலும் ஒரு புள்ளி தெரிகிறதாம். மருந்து ஏற்றலாம், நாளைத் தள்ளலாம் என்றார் டாக்டரம்மா. அம்மா, "எத்தனை நாள்?" என்று கேட்டாள். அவர் சொல்லவில்லை. அம்மா திரும்பக் கேட்கவும் இல்லை. மாமாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

நேற்று டிஸ்பென்சரியில் ஊசி போட்டார்கள். நான் போனேன். எங்கள் லைன் பெண்பிள்ளைகள் ஏழு பேர் வரிசையில் நின்றோம். தாய்மார்கள் ஓரமாக நின்றார்கள். சுருளியம்மாள் தன் மகளோடு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவளிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இவளும் வந்திருக்கா. அப்ப கலாமணிக்கு அதுதான் போலருக்கு" என்றாள்.

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். பிறகு, "ஆமாக்கா, எங்கம்மாவுக்கு அதுதான். கர்ப்பப்பை வாயில புத்து. முன்னாடியே காட்டாம விட்டுட்டா" என்றேன். சிசிலி சிஸ்டர் என் பேரைக் கூப்பிட்டார். போய்க் கையை நீட்டினேன்.

இன்று மத்தியானம் சுருளியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து வாசலை மறித்து நின்றேன். அவள் என்னைப் பார்க்காமல், "ஒங்கம்மாகிட்ட ஒன்னு கேக்கணும்" என்றாள். அம்மா உள்ளிருந்து, "வரட்டும் விடு. நீ வெளிய இரு" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டார்கள். அரை மணி நேரம் தணிந்த குரலில் பேச்சு கேட்டது. சுருளியம்மாள் வெளியே வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பேசிய களைப்பு. என்னவென்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "எனக்கிருந்த மாதிரிதான் அவளுக்கும். நாளைக்குக் காலையில அவளச் சிசிலி சிஸ்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. தனியா அனுப்புனா பாதி வழியில திரும்பிருவா. நீ கூடவே இரு."

ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும். மீதியை வந்து எழுதுகிறேன்.

உன் மாரீஸ்வரி